பறவைச் சூழலியலும் விலங்கு நோய்களும்: கேள்வி பதில்

கேள்வி: விலங்கியல் இளநிலைப் படிப்பை முடிக்கவிருக்கிறேன். பறவை நோய்களை ஆராயக் கால்நடை மருத்துவம் படித்தே ஆகவேண்டுமா?

பதில்: கட்டாயமில்லை. நானும் விலங்கியல் வழியாக வந்தவன்தான். பிணக்கூறாய்வும் நோயறிதலும் கால்நடை மருத்துவரின் துறை. பறவைகள் எத்தனை, எங்கிருந்து வந்தன, எவற்றோடு கலந்து மேய்ந்தன என்பவற்றைச் சூழலியலாளர்தாம் சொல்ல முடியும். ஏரிக்கரையில் 40 வாத்துகள் இறந்து கிடந்தால், அங்கே 400 இருந்தனவா 40,000 இருந்தனவா என்பது தெரியாதவரை அந்தச் சாவுக்கு அளவே இல்லை. என் முதல் ஆண்டுகள் நலமான பறவைகளை எண்ணுவதிலேயே கழிந்தன. பின்னாளில் எழுதியவை அனைத்தும் அந்த எண்ணிக்கையின்மீது நிற்பவை. புள்ளியியலை ஒதுக்கிவிடாதீர்கள்.

கேள்வி: தோட்டத்தில் ஒரு புறா இறந்து கிடக்கிறது. என்ன செய்வது?

பதில்: வெறுங்கையால் தொடாதீர்கள். அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள்.

கேள்வி: களத்தில் ஒரு காலைப்பொழுது எப்படி இருக்கும்?

பதில்: விடியுமுன் கம்பங்களுக்கிடையே மெல்லிய மிஸ்ட் நெட் வலையைக் கட்டிவிட்டு, அரை மணிக்குள் ஒருமுறையாவது போய்ப் பார்ப்போம், மழை தூறினால் உடனே சுருட்டிவிடுவோம். சிக்கிய கதிர்க்குருவியின் கழுத்து ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் அடங்க, அதன் உடல் உள்ளங்கையில் கிடக்கும். நெஞ்சுத் துடிப்பைத் தனித்தனியாக எண்ண முடியாது; விடாத ஓர் அதிர்வாகவே அது கைக்குத் தெரியும். கால்வளையம் பூட்டி, இறக்கையை அளந்து, எடை பார்த்தபின் பஞ்சுக்குச்சியால் தொண்டையிலும் கழிவாயிலும் மாதிரி எடுப்போம். இரத்தம் உடல் எடையில் நூற்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பதால், 10 கிராம் குருவியிடமிருந்து 0.1 மில்லிலிட்டருக்குமேல் எடுப்பதில்லை. பறவை மூச்சிரைத்தால் எதுவும் எடுக்காமல் விட்டுவிடுவோம்.

கேள்வி: கோழிப்பண்ணை வைத்திருக்கிறேன். பறவைக்காய்ச்சலைக் கொண்டுவருபவை வலசைப் பறவைகள்தாமே? உங்களைப் போன்றோர் அவற்றைக் காப்பாற்றியே பேசுகிறீர்கள்.

பதில்: உங்கள் கவலை நியாயமானது, ஆகவே விரிவாகவே சொல்கிறேன். காட்டு வாத்துகளின் குடலில் இன்ஃப்ளூயன்சா வைரசுகள் பெரும்பாலும் வீரியம் குறைந்த வடிவிலேயே வாழ்கின்றன. அவற்றுள் எச்5, எச்7 வகைகள் நெரிசலான கோழிக்கொட்டகைக்குள் நுழைந்து கோழிக்குக் கோழி பரவும்போதுதான் கொல்லும் வடிவமாக மாறுகின்றன. இன்றைய எச்5என்1 வழித்தோன்றல்களின் மூதாதை 1996-இல் சீனாவின் குவாங்டாங்கில் பண்ணை வாத்துகளில் கண்டறியப்பட்டது. மறு ஆண்டு ஹாங்காங்கில் 18 பேருக்குத் தொற்றி, ஆறு பேர் இறந்தனர். 2005-இல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் வரித்தலை வாத்துகள் ஆயிரக்கணக்கில் மடிந்தபோது, பண்ணையில் வீரியம் பெற்ற வைரஸ் காட்டுக்குத் திரும்பிவிட்டது என்பது வெளிப்பட்டது.

கேள்வி (அதே பண்ணையாளர்): தோற்றம் எதுவாகவும் இருக்கட்டும். இப்போது பறந்து பரப்புபவை அவைதாமே? கொக்குகள் அடையும் மரங்களை வெட்டினால் என்ன?

பதில்: இப்போது காட்டுப் பறவைகளும் பரப்புகின்றன என்பதை மறுக்கமாட்டேன், 2021-இன் இறுதியில் அட்லாண்டிக்கைத் தாண்டி இந்த வைரஸ் கனடாவை அடைந்தது அவற்றின் வழியாகத்தான். ஆனால் மரத்தை வெட்டினால் பறவைகள் கலைந்து பல இடங்களில் அடையும். நோயும் அவற்றோடு கலையும். அதைவிட உங்கள் வாசலைப் பாருங்கள். தீவன லாரியின் சக்கரம், பண்ணைக்குப் பண்ணை சுற்றிவரும் முட்டை அட்டைகள், குளத்திலிருந்து நேரே இறைத்த குடிநீர், வேலையாளின் செருப்பு ஆகிய ஒவ்வொன்றும் எச்சத்தை உள்ளே கொண்டுவரும். கொட்டகைக்கென்று தனிச் செருப்பு வைப்பதிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: காகம் செத்துக் கிடக்கிறது. எடுத்துப் புதைக்கலாமா?

பதில்: மேலே புறாவுக்குச் சொன்னதே இதற்கும். வெறுங்கையால் தொடாதீர்கள், தெரிவிக்காமல் புதைக்கவும் வேண்டாம்.

கேள்வி: என் கிளி இறகைப் பிய்த்துக்கொள்கிறது.

பதில்: அதைப் பறவை மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள்.

கேள்வி: கூட்டமாகப் பறவைகள் இறந்தால் தொற்றுநோய் என்றே கொள்ளலாமா?

பதில்: கூடாது. தெற்காசியாவில் பாறு கழுகுகள் அழிந்தபோது தொடக்கத்தில் தொற்று என்ற ஐயமே வலுவாக இருந்தது. கூறாய்வில் உள்ளுறுப்புகளின்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்திருந்தது. கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி, அவற்றின் பிணங்களைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகங்களைக் கெடுத்தது என்பது 2004-இல் வெளியான ஆய்வில் உறுதியாயிற்று. 2006-இல் இந்தியா அதன் கால்நடைப் பயன்பாட்டைத் தடுத்தது. வெண்முதுகுக் கழுகுகளில் ஆயிரத்தில் ஏறத்தாழ ஒன்றே எஞ்சும் அளவுக்குச் சரிவு நேர்ந்ததென்று நம்மால் சொல்ல முடிவது, 1990-களின் தொடக்கத்தில் யாரோ பொறுமையாக அவற்றை எண்ணி வைத்திருந்ததால்தான்.

கேள்வி: சாலையோரம் மைனா ஒன்று செத்து...

பதில்: தொடாதீர்கள். தயவுசெய்து முந்தைய பதில்களைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: ஆராய்ச்சியாளர் அல்லாத நான் எவ்வகையில் உதவ முடியும்?

பதில்: ஒரே நீர்நிலைக்கு, மாதந்தோறும் ஒரே நேரத்தில் சென்று எண்ணுங்கள். நாள், நேரம், வானிலை, இனம், எண்ணிக்கை ஆகியவற்றைக் குறியுங்கள். ஒன்றும் தென்படாத நாளில் பக்கத்தை வெறுமையாக விடாமல் சுழியம் என்று எழுதுங்கள்.