குடிக்கிற வயசைக் குறைக்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 18 வயசுல ஓட்டு போடலாம், பட்டாளத்துல சேரலாம், ஆனா ஒரு பீர் வாங்க மட்டும் 21 ஆகணும்னு சில இடங்கள்ல சட்டம் வச்சிருக்காங்களே, இதுல என்ன நியாயம் சார்? (ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: தம்பி, இதே கேள்வியைக் கேட்டுத்தான் அமெரிக்காவுல வயசைக் குறைச்சாங்க. 1971ல ஓட்டு போடுற வயசு 18 ஆச்சு, அந்த சமயத்துல ஏகப்பட்ட மாநிலங்கள் குடிக்கிற வயசையும் 18, 19னு இறக்கிடுச்சு. அப்புறம் என்னாச்சுன்னா, சின்னப் பசங்க ரோட்டுல சாகுறது கூடிச்சு, அதுலயும் பக்கத்து மாநிலத்துல வயசு கம்மின்னா ராத்திரி கார் எடுத்துட்டு எல்லை தாண்டிப் போய் குடிச்சுட்டு அதே காரை ஓட்டிட்டு திரும்பி வருவாங்க, அந்த எல்லையோர ரோடுகளுக்கு ரத்த எல்லைன்னே பேரு வந்துச்சு. கடைசியில 1984ல மத்திய அரசு, வயசை 21 ஆக்காத மாநிலத்துக்கு ரோடு போடுற நிதியைக் குறைப்போம்னு சட்டமே கொண்டு வந்துச்சு, 1988க்குள்ள எல்லா மாநிலமும் மாறிடுச்சு.

நியூசிலாந்துல 1999ல 20ல இருந்து 18க்கு இறக்கினாங்க. அதுக்கப்புறம் 18, 19 வயசுக்காரங்க மட்டும் இல்ல, 15, 16 வயசுப் பசங்களுக்கும் விபத்துக் காயம் கூடிச்சுன்னு அங்க செஞ்ச ஒரு ஆய்வு சொல்லுது. ஏன்னு யோசிச்சுப் பாருங்க. 18 வயசுப் பையனோட கூட்டாளி யாரு? 16 வயசுப் பையன்தான். 21 வயசுக்காரன் ஸ்கூல் பையனோட சுத்த மாட்டான். வயசை எங்க வைக்கிறோமோ, சரக்கு அதுக்கு ரெண்டு வருஷம் கீழ வரைக்கும் இறங்கும், அதனாலதான் நான் 21 பக்கம் நிக்கிறேன். ஓட்டு போட்டா மூளைக்கு ஒண்ணும் ஆகாது தம்பி, ஆனா நிதானம், யோசனை எல்லாத்தையும் பாத்துக்குற மூளையோட முன்பகுதி கிட்டத்தட்ட 25 வயசு வரைக்கும் வளர்ந்துட்டேதான் இருக்கும்.

கேள்வி: கெடுபிடி பண்ணினா கள்ளச்சாராயம்தான் வளரும், எல்லாக் கடையிலயும் வித்தா ஜனங்க தானா அளவாக் குடிக்கக் கத்துக்குவாங்கன்னு என் ஃப்ரெண்ட் அடிச்சுச் சொல்றாரே? (ஒரு வாசகர்)

பதில்: முதல் பாதி சரிதான். அமெரிக்காவுல 1920ல இருந்து 1933 வரைக்கும் மதுவிலக்கு இருந்தப்போ விஷச்சாராயம் குடிச்சு நிறைய பேர் செத்தாங்க, முழுசா பூட்டுறதை நானும் கேக்கல. ரெண்டாவது பாதிதான் உதைக்குது. பின்லாந்துல 1969ல பீரை மளிகைக் கடையில விக்க விட்டாங்க, ஒரே வருஷத்துல மொத்தக் குடி 46 சதவீதம் ஏறிடுச்சு. திரும்ப 2004ல வரியைக் குறைச்சாங்க, குடியால ஈரல் கெட்டுச் சாகுறவங்க கூடினாங்க, சில வருஷத்துலயே வரியைத் திரும்ப ஏத்த வேண்டியதாப் போச்சு. லிதுவேனியா 2018ல நேர் எதிர்ப்பக்கம் போச்சு, வயசை 18ல இருந்து 20 ஆக்கினாங்க, விக்கிற நேரத்தைக் குறைச்சாங்க, விளம்பரத்துக்கும் தடை போட்டாங்க.

கேள்வி: என் பையனுக்கு 17 வயசு. வெளிய போய் திருட்டுத்தனமா குடிக்கிறதுக்கு வீட்டுலயே கொஞ்சம் குடுத்துப் பழக்கலாம்னு என் வீட்டுக்காரர் சொல்றார். எனக்கு மனசே ஒப்பல. (ஒரு அம்மா)

பதில்: உங்க மனசு சொல்றதுதான்மா சரி. ஆஸ்திரேலியாவுல சுமார் 1,900 பிள்ளைங்களை ஆறு வருஷம் தொடர்ந்து பாத்தாங்க, அப்பா அம்மா கையால வாங்கிக் குடிச்சதால எந்தப் பாதுகாப்பும் கிடைச்ச மாதிரி தெரியல, வெளியாள்கிட்ட வாங்குறதுதான் கூடிச்சு. அவர்கிட்ட சண்டை போடாம இதை மட்டும் எடுத்துச் சொல்லுங்க.

ஆனா ஒரு விஷயத்துல சட்டம் இளகணும்னு நான் ரொம்ப வருஷமா சொல்லிட்டு இருக்கேன். மாட்டுன பையனைத் தண்டிக்காதீங்க, வித்தவனைப் பிடிங்க. பசங்க கூட்டமா குடிக்கிறப்போ ஒருத்தன் மயங்கி விழுந்தா மத்தவங்க போலீஸ் வந்துரும், வீட்டுக்குத் தெரிஞ்சுரும்னு பயந்து, தூங்கட்டும்னு விட்டுட்டுப் போயிடுறாங்க. குடிக்கிறதை நிறுத்துன அப்புறமும் வயித்துல இருக்குறது ரத்தத்துல ஏறிட்டேதான் இருக்கும், மல்லாந்து கிடக்குறவன் வாந்தி எடுத்தா அது மூச்சுக்குழாய்ல போய் அடைச்சு உயிரே போயிடும். உதவிக்குக் கூப்பிட்டவன் மேலயும் விழுந்தவன் மேலயும் கேஸ் கிடையாதுன்னு அமெரிக்காவுல நிறைய மாநிலங்கள் சட்டம் போட்டுருச்சு, அது எல்லா நாட்டுக்கும் வரணும்.

அதனால பையன்கிட்ட குடிக்காதேன்னு சொல்லுங்க, கூடவே இதையும் சொல்லிக் குடுங்கம்மா. யாராவது எழுப்பியும் எந்திரிக்கலன்னா, மூச்சு விட்டு விட்டு வந்தா, உடம்பு ஜில்லுன்னு இருந்தா, ஒருக்களிச்சுப் படுக்க வச்சுட்டு உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடணும், அது வர்ற வரைக்கும் பக்கத்துலயே இருக்கணும், நாங்க எதுவும் கேக்க மாட்டோம்னு.