மண்டபம் முகாமில் பிறந்தவருக்கு இந்தியக் குடியுரிமை உண்டா?

கேள்வி: 1986 மார்ச்சில் மண்டபம் முகாமில் பிறந்தேன்; தங்கை 1989-ல். அப்பாவின் குடும்பம் ஹட்டன் தோட்டத்திலிருந்து வவுனியா போய், 1984-ல் அகதிகளாக இங்கே வந்தது. பாஸ்போர்ட் கேட்டால், "நீங்கள் இலங்கையர், முதலில் குடியுரிமைக்கு மனுப்போடுங்கள்" என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அந்த மனுவைப் போடாதீர்கள். பிறந்த நாளிலிருந்தே நீங்கள் இந்தியக் குடிமகன். வெளிநாட்டவர் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், அந்தத் தாளே நாளை உங்களுக்கு எதிராக நிற்கும்.

1955-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 3(1)(அ) பிரிவு, 26.1.1950 முதல் 30.6.1987 வரை இந்திய மண்ணில் பிறந்தவர்களுக்கானது. தூதரக அதிகாரியின் பிள்ளை போன்ற சில விலக்குகள் தவிர, பெற்றோர் எந்த நாட்டவர் என்று அது கேட்பதில்லை. உங்களைப்போல் 1986-ல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்கும்படி 2022-ல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது.

பிறப்புச் சான்றிதழ்தான் உயிர்நாடி. அந்தக் காலப் பதிவுகளில் பலவற்றில் குழந்தையின் பெயர் இருக்காது. முதலில் பெயரைச் சேருங்கள். பதிவே இல்லையென்றால், இல்லை என்று சான்று வாங்கி, வருவாய்க் கோட்டாட்சியரிடம் தாமதப் பதிவுக்கு மனுச் செய்யுங்கள். முகாம் பதிவேட்டில் அப்பா பெயர் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் போலீஸ் சரிபார்ப்பில் சிக்கும். பாஸ்போர்ட் படிவத்தில் 'பிறப்பால்' என்றே குறியுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேல்முறையீட்டுக்கும் ரிட் மனுவுக்கும் அது வேண்டும். இலங்கைப் பாஸ்போர்ட் மட்டும் எடுத்துவிடாதீர்கள். 9-ஆம் பிரிவின்படி இந்தியக் குடியுரிமை போய்விடும்.

தங்கைக்கு வழி கடினம். 1.7.1987-க்குப் பிறகு பிறந்ததால், அவள் பிறந்தபோது பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். தாத்தாவின் பெட்டியைத் திறந்து பாருங்கள். 1948-ல் இலங்கை, இந்திய வம்சாவளித் தோட்ட மக்களைக் குடியுரிமைக்கு வெளியே தள்ளியது. 1964 ஒப்பந்தத்தில் அவர்களில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகம் தந்த பாஸ்போர்ட்டோ குடும்ப அட்டையோ கிடைத்து, அதில் அப்பாவின் பெயரும் இருந்தால், தங்கையின் வழக்குக்கு அதைவிட வலுவான ஆவணம் கிடையாது. கிழிந்த தாளானாலும் லேமினேட் செய்யாமல் அப்படியே கொண்டுவாருங்கள்.

அது கிடைக்காவிட்டால் பதிவு மூலம் குடியுரிமை கேட்க வேண்டும். அங்கே 'சட்டவிரோதக் குடியேறி' என்ற சொல் குறுக்கே நிற்கும். சட்டம் அந்தச் சொல்லால் குறிப்பது, உரிய ஆவணமின்றி இந்தியாவுக்குள் 'நுழைந்த' வெளிநாட்டவரை. இங்கேயே பிறந்தவள் எந்த எல்லையைத் தாண்டி நுழைந்தாள்? வெற்றி உறுதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வாதத்தை மனுவின் முதல் பக்கத்திலேயே வைக்கச் சொல்வேன்.