மொராக்கோவின் ஃபெஸ் நகரில் எனக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. வழிகாட்டி இல்லாமல் நடந்தே சுற்றிப் பார்க்க முடியுமா?

முடியும். சொல்லப்போனால் நடந்துதான் பார்க்க முடியும். ஃபெஸ் எல் பாலி என்ற பழைய நகருக்குள் கார் நுழையாது. கேஸ் சிலிண்டரிலிருந்து பதனிடாத தோல் வரை எல்லாம் கழுதை முதுகில்தான் போகிறது. பின்னாலிருந்து "பாலக்! பாலக்!" என்று குரல் வந்தால் உடனே சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள். வழி விடு என்று அர்த்தம்.

எனக்கும் முதலில் வழி தொலைந்துவிடுமோ என்ற பயம்தான் இருந்தது. குறுகிய சந்துகளில் கைபேசி வரைபடம் தடுமாறுகிறது. நான் தங்கிய வீட்டின் அம்மா ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பினார்: "இறங்கினால் கரவிய்யீன், ஏறினால் வாசல்." கரவிய்யீன் என்பது கீழே ஊரின் நடுவிலுள்ள மசூதி. அவர் சொன்ன அந்த வரியே நாள் முழுக்கக் கைகொடுத்தது. பாப் பூ ஜெலூத் வாசல் மேட்டில் இருக்கிறது. 1913இல் கட்டியது, வெளிப்பக்கம் நீல ஓடு, உள்பக்கம் பச்சை. அங்கிருந்து தலா கபீரா என்ற தெருவைப் பிடித்தால் அது இறங்கி இறங்கி ஊரின் நடுவுக்கே கொண்டுபோய் விடும். காலை எட்டு மணிக்கே கிளம்புங்கள். வாசல் பக்கம் பிஸாரா கிடைக்கும். உலர்ந்த அவரை வகைப் பருப்பைக் குழைய வேகவைத்து, ஆலிவ் எண்ணெயும் சீரகத்தூளும் தூவித் தருவார்கள். ரொட்டியோடு சாப்பிட்டால் மதியம் வரை தாங்கும்.

தெருவின் தொடக்கத்திலேயே பூ இனானியா மத்ரஸா. இங்கே மட்டும் அவசரப்படாதீர்கள். தரையிலிருந்து இடுப்புயரம் வரை வண்ண ஓட்டுத் துண்டுகள், அதற்கு மேல் சுண்ணாம்புச் சாந்தில் செதுக்கல், அதற்கும் மேல் தேவதாரு மரம். கட்டியவர் மரீனிய வம்சத்து சுல்தான் அபூ இனான், 1350களில். மதுரை சுல்தானின் அவைக்கு வந்துபோன பயணி இப்னு பதூதா ஊர் திரும்பியதும், அவருடைய பயண அனுபவங்களை எழுதிவைக்க உத்தரவிட்டவரும் இவர்தான். நம் மதுரையைப் பார்த்த கண்கள் இந்த ஊரையும் பார்த்திருக்கின்றன என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. முற்றத்துப் படியில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

கீழே கரவிய்யீன் மசூதி. 859இல் ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி என்ற பெண்மணி தொடங்கியது என்பது மரபு. முஸ்லிம் என்றால் உள்ளே போய்த் தொழலாம். மற்றவர்கள் வாசலில் நின்று முற்றத்தை எட்டிப் பார்க்கலாம். பக்கத்திலேயே செஃபாரின் சதுக்கம். செப்புப் பாத்திரம் தட்டும் சத்தமே வழி காட்டும். ஒரு பெரியவர் அண்டாவை முழங்காலுக்கு நடுவில் இடுக்கி, ஒரு தட்டு, கொஞ்சம் திருப்பல், மறுபடி ஒரு தட்டு என்று விளிம்பைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். தட்டிய இடமெல்லாம் மீன் செதில் மாதிரி மினுங்கியது.

சுவாரா தோல் பட்டறையைக் கடைகளின் மொட்டைமாடியிலிருந்துதான் பார்க்க முடியும். கையில் ஒரு கொத்துப் புதினா தருவார்கள், மூக்கருகே வைத்துக்கொள்ள. வெள்ளைத் தொட்டிகளில் சுண்ணாம்பும் புறா எச்சமும். தோலை மிருதுவாக்குவது அந்த எச்சம்தான். சாயத் தொட்டிகளில் ஆட்கள் தொடை வரை இறங்கி மிதிக்கிறார்கள். வாங்க விருப்பமில்லை என்றால் முதலிலேயே சொல்லிவிட்டு, மாடி ஏற்றிவிட்டவருக்குச் சில திர்ஹம் கொடுங்கள். அது நியாயம்.

"அந்த வழி மூடியிருக்கு, என் பின்னால வாங்க" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நேரே நடங்கள். நான் நம்பிப் போய், கடைசியில் காசு கொடுத்துத்தான் விடுபட்டேன். வழி கேட்பதென்றால் கடையில் உட்கார்ந்திருப்பவரைக் கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை வேண்டாம், மதியத்துக்கு மேல் பாதிக் கடை மூடியிருக்கும். அப்புறம், திரும்பி வருவது முழுக்க ஏற்றம். மாலைக்குக் காலில் கொஞ்சம் தெம்பு மிச்சம் வையுங்கள்.