பில்லில் வெறும் 'டயமண்ட்' என்று போட்டால் போதுமா?

கேள்வி: திருமண நாளுக்காக மனைவிக்கு வைர மோதிரம் வாங்கப் போனேன். கடைக்காரர் இரண்டு மோதிரங்களை எடுத்து வைத்தார். ஒன்றில் சுரங்க வைரம், மற்றதில் ஆய்வகத்தில் உருவாக்கிய லேப் வைரம். பேனா மாதிரி ஒரு கருவியால் இரண்டு கல்லையும் தொட்டுக் காட்டினார். இரண்டுக்கும் 'பீப்' என்றது. "ரெண்டும் ஒண்ணுதான் சார், பில்லில் டயமண்ட் என்றே போட்டுத் தருகிறேன்" என்கிறார். இது சட்டப்படி சரியா? சுரங்க வைரம் என்று வாங்கி, பிற்பாடு அது லேப் வைரம் என்று தெரிந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா? லேப் வைரமே வாங்கினால் மனைவியிடம் சொல்லியாக வேண்டுமா?

பதில்: முதலில் அந்த 'பீப்' சத்தத்தை மறந்துவிடுங்கள். கல் வெப்பத்தை எவ்வளவு நன்றாகக் கடத்துகிறது என்பதைத்தான் அந்தக் கருவி பார்க்கிறது. லேப் வைரமும் கார்பன் படிகம்தான் என்பதால் அதற்கும் பீப் வரும். கண்ணாடிக்கல் மாட்டிக்கொள்ளும்; வைரம் போலவே தெரியும் மாய்சனைட் என்ற வேறு கல் அந்தக் கருவியையே ஏமாற்றிவிடும். மண்ணுக்கடியில் விளைந்ததா, இயந்திரத்துக்குள் விளைந்ததா என்று பிரித்துச் சொல்ல அதற்கென்று உள்ள சோதனைக் கருவிகள் வேண்டும். அனுபவசாலி வியாபாரியாலும் வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆக, கடைக்காரர் சொன்னது பாதி சரி. பொருள் ஒன்றுதான். ஆனால் வாங்குகிறவர் பொருளோடு அதன் பிறப்புக்கும் சேர்த்துத்தானே பணம் கொடுக்கிறார்? சட்டம் பிடித்துக்கொள்வது அந்த இடத்தைத்தான்.

எந்த நாட்டில் வாங்குகிறீர்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. பரவாயில்லை, அடிப்படை பல நாடுகளில் ஒன்றுதான். லேப் வைரம் விற்கிறவர்கள் அடிக்கடி காட்டுவது, அமெரிக்க அரசின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் தன் நகை விற்பனை வழிகாட்டியில் 2018-ல் செய்த திருத்தத்தை. வைரத்துக்கான விளக்கத்திலிருந்து 'இயற்கையான' என்ற சொல்லை அது எடுத்துவிட்டது, உண்மை. ஆனால் லேப் கல்லை விற்கும்போது அது ஆய்வகத்தில் உருவானது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பதும் அதே வழிகாட்டியில்தான் இருக்கிறது. 2019-ல் விளம்பரங்களில் இது சரியாக இல்லை என்று எட்டு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதமே போயிற்று. சர்வதேசத் தர நிர்ணயமான ஐஎஸ்ஓ 18323 (2015) இன்னும் கறார்: 'வைரம்' என்று மட்டும் சொன்னால் அது இயற்கை வைரம்தான். எனவே லேப் கல்லுக்கு வெறும் 'டயமண்ட்' என்று பில் போடுவது சரியில்லை. சுரங்கக் கல்லுக்கு அப்படிப் போட்டால் குற்றம் இல்லை, ஆனால் நாளைக்கு வழக்கு என்று வந்தால் உங்கள் கையில்தான் ஆயுதம் இருக்காது.

இரண்டாவது கேள்வி. விவரித்துச் சொன்ன பொருள் ஒன்று, கொடுத்த பொருள் வேறு என்றால் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். இந்தியாவில் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 15-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பிரிட்டனில் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, பொருளை அப்படியே நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்க 30 நாள் இருக்கிறது. "எனக்கே தெரியாது, மொத்த வியாபாரி என்னை ஏமாற்றிவிட்டார்" என்று கடைக்காரர் சொன்னால்? சொல்லட்டும். பணத்தைத் திருப்பித் தர அவருடைய எண்ணம் முக்கியமில்லை. மோசடி என்று கிரிமினல் புகார் கொடுக்கத்தான் எண்ணத்தை நிரூபிக்க வேண்டும். பணம் வேண்டுமென்றால் அந்தப் பக்கம் அவசரப்பட்டு ஓடாதீர்கள்.

சந்தேகம் வந்த பிறகு பலர் செய்கிற தப்பு, கல்லைக் கழற்றி நாலு கடைக்காரர்களிடம் காட்டுவது. அப்புறம் "நான் கொடுத்த கல் இதில்லை" என்று விற்றவர் சொன்னால் பதில் இருக்காது. மோதிரத்தில் கை வைக்காமல் ஒரு சுதந்திரமான ஆய்வுக்கூடத்தில் அறிக்கை வாங்கி, அதை இணைத்து நோட்டீஸ் அனுப்புங்கள்.

ஆனால் இதெல்லாம் வாங்கிய பிறகு. வாங்கும்போதே பத்து நிமிடம் செலவழித்தால் என்னைப் போன்ற வக்கீல்களுக்குக் கொடுக்கும் பீஸ் உங்களுக்கு மிச்சம். நான் பார்க்கிற பில்களில் 'டயா 0.52' என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். உங்கள் பில்லில் கல்லின் பிறப்பு, கேரட், நிறம், தெளிவு, ஆய்வு அறிக்கையின் எண் எல்லாம் வரட்டும். பிறகு பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் என்ற சின்ன லென்ஸ் ஒன்றைக் கேட்டு வாங்கி, கல்லின் இடுப்புப் பகுதியைச் சுற்றி மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். லேசரில் பொறித்த நுண்ணிய எண் தெரியும். எல்லாக் கல்லிலும் இருக்காது. இருந்தால் அது அறிக்கையில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். லேப் கல்லில் பெரும்பாலும் அதன் பிறப்பும் சேர்த்தே பொறித்திருக்கும். அந்த எண்ணை ஆய்வுக்கூடத்தின் இணையதளத்தில் போட்டு, கடையில் நின்றபடியே சரிபார்த்துவிடலாம்.

இன்னொன்று, நடுக்கல்லுக்குத்தான் சான்றிதழ் இருக்கும். சுற்றிலும் பதித்திருக்கும் பொடிக்கற்களுக்கு இருக்காது. லேப் கல் கலப்பு அதிகம் நடக்கிற இடம் அதுதான். 'பக்கக் கற்களும் இயற்கை வைரம்' என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால், அந்தத் தயக்கமே உங்களுக்கு ஒரு தகவல்.

லேப் வைரத்தைத் தேர்ந்தெடுத்தால் சட்டச் சிக்கல் பிறப்பில் வராது, வாக்குறுதியில் வரும். ஒரு கட்சிக்காரர் என்னிடம் விசிட்டிங் கார்டு ஒன்றைக் கொண்டுவந்தார். பின்பக்கம் 'பைபேக் 80%' என்று, அதாவது கடையே 80 சதவீத விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளும் என்று, பால்பாயிண்டில் எழுதியிருந்தது. கையெழுத்தும் இல்லை, தேதியும் இல்லை. எந்த விலையில் 80 சதவீதம், வாங்கிய விலையிலா, அன்றைய விலையிலா? அதுவும் இல்லை. லேப் வைரத்தின் விலை சில வருடங்களாகக் கடுமையாக இறங்கியிருக்கிறது. விலை இறங்கியது என்பதற்காக யார் மேலும் வழக்குப் போட முடியாது. எழுத்தில் கொடுத்த பைபேக் வாக்குறுதியை மீறினால் போடலாம்.

'ரத்தக்கறை இல்லாத வைரம்', அதாவது ஆயுதக் குழுக்களின் போருக்குப் பணம் தராத வைரம், என்ற பேச்சுக்கும் எல்லை உண்டு. அதற்காக 2003-ல் நடைமுறைக்கு வந்த கிம்பர்லி சான்றிதழ், பட்டை தீட்டாத கற்களின் சரக்குக்குத்தான். உங்கள் மோதிரத்துக் கல்லுக்கென்று அப்படி ஒரு தனிச் சான்றிதழ் கிடையாது. லேப் பக்கத்தில் 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்றால், எந்த மின்சாரத்தில் விளைந்தது என்று கேளுங்கள். அதற்கு நிறையவே மின்சாரம் வேண்டும்.

என்னைக் கேட்டால், உங்கள் மனைவிக்குப் பெரிய கல்லும் பளபளப்பும்தான் முக்கியம் என்றால் லேப் வைரமே வாங்குவேன், மறுவிற்பனையை எண்ணாமல். பிறப்பு முக்கியம் என்றால் சுரங்க வைரம், மேலே சொன்ன பில்லோடு.

கடைசியாக, மனைவியிடம் சொல்ல வேண்டுமா? பரிசு கொடுப்பவர் கல்லின் ஜாதகத்தைச் சொல்லியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் மோதிரத்துக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தால், படிவத்தில் உண்மையைத்தான் எழுத வேண்டும். லேப் கல்லை இயற்கைக் கல் என்று எழுதிவிட்டு மோதிரம் தொலைந்துபோனால் கம்பெனி பணம் தர மறுக்கலாம். அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடப் போவது உங்கள் மனைவி என்றால், அவருக்குத் தெரியாமல் எப்படிச் சமாளிப்பீர்கள்?