போனில் கூப்பிட்டால் ஸ்டேஷனுக்குப் போக வேண்டுமா?

கேள்வி: என் மாமனாருக்கு 63 வயது. பக்கத்து மனைக்காரர் வேலித் தகராறில் மனு கொடுத்திருக்கிறார் என்று ஸ்டேஷனில் இருந்து போன் வந்தது. தப்பு செய்யாதவர் போய்ப் பதில் சொல்வதில் என்ன பயம் என்று நான்தான் அனுப்பி வைத்தேன். காலையில் போனவரை இருட்டும் வரை பெஞ்சில் உட்கார வைத்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். இப்போது மறுபடியும் கூப்பிடுகிறார்கள். சட்டம் பேசினால் அவர்களுக்குக் கோபம் வருமே, பேசாமல் போய்வந்துவிடுவதுதானே நல்லது? (பெயர் வேண்டாம், விழுப்புரம் மாவட்டம்)

பதில்: நல்லதில்லை. இனி அனுப்பாதீர்கள்.

விவரம் தெரிந்தவர் என்று ஒருவரைக் கூப்பிடுவதானால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 179-வது பிரிவின்படி எழுத்தில் உத்தரவு தர வேண்டும். அவர் மேலேயே குற்றச்சாட்டு என்றால் 35-வது பிரிவின்படி நோட்டீஸ், அதையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. எஃப்.ஐ.ஆரே போடவில்லை, இது சும்மா மனு விசாரணைதான் என்பார்கள். அதற்கும் தேதி, நேரம் போட்டு எழுத்தில் சம்மன் கொடுங்கள், வந்தவரிடம் விசாரித்ததைப் பதிவேட்டில் எழுதுங்கள், துன்புறுத்தாதீர்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் மனுவுக்கு மனு சொல்லிக்கொண்டே இருக்கிறது.

உங்கள் மாமனார் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. 60 வயது தாண்டிய ஆண், எந்த வயதுப் பெண்ணானாலும் சரி, 15 வயது ஆகாத பையன், மாற்றுத்திறனாளி, கடும் நோயாளி, இவர்களைச் சாட்சி விசாரணைக்கு என்று வீட்டை விட்டு வெளியே எங்கும் வரச் சொல்ல முடியாது. போலீஸ்தான் வீட்டுக்கு வர வேண்டும். பழைய சட்டத்தில் இந்த வயது 65 ஆக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் 60. ஆனால் அவராக விரும்பி ஸ்டேஷனுக்கு வந்தால் அனுமதிக்கலாம் என்றும் அதே 179-வது பிரிவில் ஒரு வரி உண்டு. நீங்கள் அனுப்பி வைத்ததும் அவர் 'விரும்பி வந்தவர்' ஆகிவிட்டார்.

தப்பு செய்யாதவருக்கு என்ன பயம் என்கிறீர்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி அழைத்துப் போகப்பட்ட அப்பாவும் மகனும் என்ன பெரிய தப்பு செய்தார்கள்? 2025 ஜூனில் ஒரு நகைத் திருட்டுப் புகாரில் விசாரிக்க என்று கூட்டிப்போன மடப்புரம் கோயில் காவலாளி மேல் எந்த நீதிமன்றத்தில் எது நிரூபணமானது? மூன்று பேரும் வீடு திரும்பவில்லை. தப்பு செய்தவரா இல்லையா என்பதே அங்கே பேச்சில்லை. எல்லா ஸ்டேஷனும் அப்படி என்று நான் சொல்லவில்லை, ஒழுங்காக நடந்துகொள்கிற அதிகாரிகள் நிறைய இருக்கிறார்கள், அப்படிப்பட்டவர் ஒரு சம்மன் எழுதித் தரத் தயங்கவே மாட்டார்.

அந்தக் கையெழுத்து எனக்கு ரொம்பவே உறுத்துகிறது. வழக்கு விசாரணையில் போலீஸிடம் ஒருவர் சொல்வதை எழுதிக்கொள்ளலாம், அதில் அவரிடம் கையெழுத்து வாங்கக் கூடாது, 181-வது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. வேலித் தகராறில் வாங்கும் தாள் பெரும்பாலும் 'இனி அந்த இடத்துக்குப் போக மாட்டேன்' என்று எழுதி வாங்கும் தாள்தான். மனை யாருடையது என்று தீர்மானிக்க ஸ்டேஷனுக்கு அதிகாரம் கிடையாது, அது சிவில் கோர்ட் வேலை. கைகலப்பு வரும் என்று தோன்றினால் ஆர்.டி.ஓ.வுக்கு (வருவாய்க் கோட்டாட்சியருக்கு) போலீஸ் அறிக்கை அனுப்பலாம், அவரும் இடம் யார் அனுபவத்தில் இருக்கிறது என்றுதான் பார்ப்பார், யாருக்குச் சொந்தம் என்று சொல்ல மாட்டார்.

கோபம் வருமா? வரும். அதனால்தான் ஸ்டேஷனுக்குள் தனியாக நின்று பிரிவு எண் சொல்லாதீர்கள் என்கிறேன். இன்ஸ்பெக்டருக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம், ஒப்புகையோடு. நகல் எஸ்.பி.க்கு. மாமனாருக்கு 63 வயது, வீட்டுக்கு வந்தால் பதில் சொல்லத் தயார், எழுத்தில் உத்தரவு தாருங்கள், முன்பு வாங்கிய கையெழுத்து படித்துக் காட்டாமல் வாங்கியது (அப்படித்தானா என்று அவரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்), அன்றைய கேமரா பதிவை அழிக்காமல் வையுங்கள், இவ்வளவும் மரியாதையாக எழுதினால் போதும். ஸ்டேஷன் கேமரா பதிவை 18 மாதம், முடியாத இடத்தில் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. ஆனாலும் தாமதிக்காதீர்கள். சாத்தான்குளம் ஸ்டேஷனில் பதிவு தினமும் தானாக அழியும்படி வைத்திருந்ததை விசாரிக்கப் போன மாஜிஸ்ட்ரேட் தன் அறிக்கையில் எழுதியிருக்கிறார்.

தபால் போன பிறகும் போன் வந்தால், கூப்பிடுகிறவர் பெயரையும் பதவியையும் கேட்டுத் தேதி, நேரத்தோடு குறித்து வையுங்கள், வழக்கறிஞர் இல்லாமல் மாமனாரை வாசற்படி தாண்ட விடாதீர்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் 15100-க்கு அழையுங்கள். அது சட்டப்பணிகள் ஆணையத்தின் எண். இலவச உதவிக்குத் தகுதி உண்டா, மாவட்ட அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்று அங்கேயே சொல்வார்கள்.