கட்டிக்குள் இருக்கும் செல்லை ஏன் வெளியே எடுக்கிறார்கள்?

அன்புள்ள ஐயா,

புற்றுக்கட்டியிலிருந்து டி செல்களை (நோயெதிர்ப்பு வெள்ளையணுக்கள்) எடுத்து வளர்த்து, நோயாளிக்கே திரும்பச் செலுத்தும் அமெரிக்க மருத்துவர் ஸ்டீவன் ரோசன்பெர்க்கின் ஆய்வு பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். டி செல்கள் கட்டிக்குள்ளேயே இருந்தும் ஏன் புற்றைக் கொல்லவில்லை? அங்கே தோற்ற அதே செல்களை எடுத்து வளர்த்துத் திரும்பச் செலுத்தினால் மட்டும் எப்படி ஜெயிக்கும்? குடல் புற்றுக்கு இது உதவுமா?

கே.எஸ்.

அன்புள்ள கே.எஸ்.,

அவை எல்லாமே தோற்றவை அல்ல. ஃப்ளூ போன்ற பழைய வைரஸ்களுக்காக உருவான டி செல்களும் கட்டிக்குள் சும்மா திரியும். புற்றை அடையாளம் காண்பவை பெரும்பாலும் சிறுபான்மைதான். அவற்றையும் பி.டி-1 என்ற பிரேக்கை அழுத்தியே கட்டி அடக்கி வைத்திருக்கும். வெளியே எடுத்தால் அந்த அழுத்தம் விலகுகிறது.

அறுவையில் கிடைத்த கட்டியை 1 முதல் 3 மி.மீ. துண்டுகளாக நறுக்குவார்கள். நடுப்பகுதி பல சமயம் செத்த திசுவாக இருக்கும், அதை ஒதுக்கிவிட வேண்டும். 24 குழித் தட்டில் குழிக்கு ஒரு துண்டு, 2 மி.லி. வளர்ப்புத் திரவம், மி.லி.க்கு 6,000 யூனிட் இன்டர்லூகின்-2 (டி செல்லை வளரத் தூண்டும் புரதம்). துண்டிலிருந்து டி செல்கள் மெல்ல வெளியேறிக் குழியை நிரப்பும்; நிரம்பியதும் இரண்டு குழிகளாகப் பிரிப்பார்கள். எல்லாக் குழியும் விளையாது. குடல் கட்டி என்றால் பாக்டீரியாவும் கூடவே வந்து தட்டையே கெடுத்துவிடும்.

இரண்டு மூன்று வாரம் கழித்துப் பெருக்கம். ஒரு டி செல்லுக்கு 200 வீதம், கதிர்வீச்சால் பெருக முடியாமல் செய்த வெள்ளையணுக்களையும், டி செல்லைத் தூண்டும் ஆன்டிபாடியை மி.லி.க்கு 30 நானோகிராமும் சேர்ப்பார்கள். 14 நாளில் ஆயிரம் கோடி செல்களைத் தாண்டலாம். இந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அதிக நாள் வளர்த்த செல்லின் டெலோமியர் (குரோமோசோமின் நுனி) தேய்ந்துவிடும், உடம்பில் நிலைக்காது. கொஞ்சம் குறைந்தாலும் இளம் செல்லே மேல் என்பேன்.

1988-ல் ரோசன்பெர்க் குழு இப்படிச் செல்களைச் செலுத்திய மெலனோமா (ஒருவகைத் தோல் புற்று) நோயாளிகள் 20 பேரில் 11 பேருக்குக் கட்டி சுருங்கியது. ஆனால் செலுத்திய செல்கள் நீடிக்கவில்லை. அதனால் 2002-ல் அதே குழு, செல்களைச் செலுத்துமுன் சைக்ளோபாஸ்பமைடு, ஃப்ளூடாராபின் என்ற கீமோ மருந்துகளைக் கொடுத்து நோயாளியின் சொந்த லிம்போசைட்டுகளை (டி செல்கள் உள்ளிட்ட வெள்ளையணுக்கள்) காலி செய்தது. உடம்பில் டி செல்லை வளர்க்கும் இன்டர்லூகின்-7, 15 இரண்டுக்கும் அப்போது பங்குக்கு ஆள் இருக்காது; புதிதாகச் செலுத்திய செல்கள் அவற்றைத் தின்று பெருகும். (கீமோ புற்றைக் கொல்லத்தான் என்று பலர் நினைக்கிறார்கள்; இங்கே அதன் முக்கிய வேலை இடம் ஒழித்துத் தருவது.) பிறகு இன்டர்லூகின்-2 ஊசி. கஷ்டமான கட்டம் இதுதான்: ரத்தக்குழாய்கள் கசியும், ரத்த அழுத்தம் சரியும், சிறுநீர் குறையும். தாங்கும் அளவோடு நிறுத்த வேண்டும்.

மெலனோமாவில் இது நிலைபெற்றுவிட்டது. 2022-ல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் இந்தச் சிகிச்சைக்கு 49 சதவீதம் பேரும், இபிலிமுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்துக்கு 21 சதவீதம் பேரும் பலனடைந்தனர். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவும் மெலனோமாவுக்கு லைஃபிலூசெல் என்ற பெயரில் அனுமதித்தது.

குடல் புற்று கடினம். வெயில் சிதைத்த மெலனோமாவில் மரபணுப் பிழைகள் ஏராளம், டி செல்லுக்கு இலக்குகளும் ஏராளம். பெரும்பாலான குடல் புற்றில் அவை சொற்பம். ஆனாலும் 2016-ல் ரோசன்பெர்க் குழு ஒரு குடல் புற்று நோயாளிக்கு, கே-ராஸ் என்ற மரபணுவின் பிழையைக் குறிவைக்கும் செல்களைச் செலுத்தியது. நுரையீரலில் இருந்த 7 கட்டிகளும் சுருங்கின. ஒன்பது மாதம் கழித்து ஒன்று மட்டும் மீண்டும் வளர்ந்தது. வெட்டிப் பார்த்தால், அந்தப் பிழையை டி செல்லுக்குக் காட்டும் எச்.எல்.ஏ. மரபணு இருந்த 6-ஆம் குரோமோசோம் பிரதியையே அது தொலைத்திருந்தது. பிழை அப்படியே இருந்தது, அதைக் காட்டிக்கொடுக்கத்தான் ஆளில்லை.