கேஸ் கம்பெனிக்குன்னு சூப்பர் நேப்பியர் போடலாமா? திருவட்டார் தம்பியோட கேள்விக்கு பதில்

கேள்வி: சார் வணக்கம். திருவட்டார் பக்கத்துல எங்களுக்கு ஒன்னேகால் ஏக்கர் விளை உண்டு. பழைய ரப்பர் மரத்தை போன மாசம்தான் வெட்டி வித்தோம், இப்ப சும்மா கெடக்கு. ஒரு ஏஜென்ட் வந்து சூப்பர் நேப்பியர் புல்லு போடுங்க, புல்லுலேந்து கேஸ் எடுக்கிற கம்பெனி வருது, ஏக்கருக்கு வருசம் 200 டன் வரும், டன்னுக்கு 1000 ரூவா வச்சு எடுத்துக்கிடுவோம்னு சொல்லுதாரு. கரணை (நடுற தண்டுத்துண்டு) ஒண்ணு 3 ரூவா, அதுக்கு அட்வான்ஸ் கேக்காரு. வீட்ல ரெண்டு கறவை மாடு நிக்கி. வீட்டை ஒட்டி ரோட்டோரமா அம்மா சாயாக்கடை நடத்துதாங்க. புல்லு போடலாமா சார்?

பதில்: தம்பி வணக்கம். அட்வான்ஸ் இன்னும் குடுக்கலைன்னா குடுக்காதீங்க, முதல்ல அதைச் சொல்லிடுறேன். புல்லு மேல எனக்கு ஒரு குறையும் கிடையாது, நல்ல புல்லு, நம்ம மண்ணுக்கும் மழைக்கும் கொள்ளாம். அந்த ஏஜென்ட் சொன்ன கணக்குதான் நிக்காது. அது ஏன்னும், அந்த புல்லை வச்சு நீங்க என்ன செய்யலாம்னும் சொல்லுறேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

சூப்பர் நேப்பியர்னு சொல்லுறது தாய்லாந்துலேந்து வந்த பாக்சோங்-1. அது போக நம்ம கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் கோ-3, கோ-4, கோ-5ன்னு கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் விட்டுருக்கு, பால்மாடு வச்சிருக்கவங்க எல்லாருக்கும் தெரியும். எல்லாமே கம்பையும் யானைப்புல்லையும் ஒட்டுக்கட்டி எடுத்த ஒரே சாதிதான், விதை முளைக்காது, கரணைதான் நடணும். பல்கலைக்கழகம் சொல்லுற விளைச்சலே நல்ல தண்ணி நல்ல உரம்னு வச்சா ஏக்கருக்கு வருசம் 150 டன்னை ஒட்டித்தான் வரும். நம்ம சரள் மண்ணுல, கோடையில தண்ணி இழுக்க முடிஞ்சா 80 டன்னு வச்சுக்கிடுங்க, நான் அந்த கணக்குலதான் பேசுவேன். 200 டன்னு சொல்லுற ஆளு நம்ம ஊர்ல புல்லு வளத்து பாத்திருக்க மாட்டாரு.

இப்ப முக்கியமான விசயம். புல்லுல அஞ்சுல நாலு பங்கு தண்ணி தம்பி. ரெண்டு வருசம் முன்னாடி மார்ச் மாசம் ஒரு தோட்டத்துல கோ-4 புல்லு 10 கிலோ தராசுல நிறுத்து, விரக்கட அளவுக்கு நறுக்கி தார்ப்பாயில விரிச்சு காய வச்சேன், முதல் நாள் தார்ப்பாயைத் தூக்குனா அடியில தண்ணி முத்து முத்தா நின்னுது, நாலாவது நாள் சருகு மாதிரி சலசலன்னு ஆனதும் திரும்ப நிறுத்தா ரெண்டு கிலோவுக்கு கொஞ்சம் மேல, அவ்வளவுதான். கேஸ் வர்றதும் எரியுறதும் அந்த ரெண்டு கிலோவுலேந்துதான். அப்ப ஒரு டன் புல்லை டெம்போவுல ஏத்துனா 800 லிட்டர் தண்ணியைத்தான் டீசல் போட்டு இழுத்துட்டுப் போறோம். அதனாலதான் புல்லுலேந்து கேஸ் எடுக்கிற பிளான்ட் எங்க வச்சாலும் சுத்தி பக்கத்துலயே புல்லு இருக்கணும், 50, 60 கிலோமீட்டர் தூரத்துலேந்து கொண்டு போனா வண்டி வாடகையே முழுங்கிடும்.

கூலியையும் பாருங்க. ஒரு ஆள் காலைலேந்து சாயங்காலம் வரை அருவாள வச்சு அறுத்து, கட்டி, விளையிலேந்து ரோட்டுக்கு சுமந்து போட்டா ஒரு டன் தேறுறதே பெரிசு. நம்ம குமரி மாவட்டத்துல ஒரு ஆளுக்கு இன்னைக்கு என்ன கூலின்னு நான் உங்களுக்கு சொல்லணுமா? டன்னுக்கு 1000 ரூவா அந்த ஒரு ஆளோடயே போயிடும். பிரஷ் கட்டர் வச்சு அறுத்தா வேலை வேகமா நடக்கும், ஆனா அள்ளவும் சுமக்கவும் ஆளு வேணும்தானே. சமநிலமா பத்து நாப்பது ஏக்கர் ஒண்ணா கெடந்து மிஷின் இறங்கி அறுத்து நேரா டிரெய்லர்ல தள்ளுற ஊருக்கு அந்த ரேட்டு ஒருவேளை கட்டும், நம்ம தட்டு தட்டா ஏறி இறங்குற விளைக்கு கட்டாது.

அரசாங்கத் திட்டம்னு ஏஜென்ட் சொல்லியிருப்பாரு. திட்டம் இருக்கு, அது உண்மை. சதத்னு பேரு, 2018 அக்டோபர் 1 அன்னைக்கு மத்திய அரசு ஆரம்பிச்சது, பயோகேஸை சுத்தம் பண்ணி அழுத்தி அடைச்சு வண்டிக்கு ஊத்துற கேஸா எண்ணெய்க் கம்பெனிங்க வாங்கும், நாடு முழுக்க 5000 பிளான்ட் வரணும்னு இலக்கு வச்சாங்க. நல்ல திட்டம்தான், நான் மனசார ஆதரிக்கேன். ஆனா அதுல விலை பேசி வாங்குறது கேஸை, உங்க புல்லை இல்ல. புல்லுக்கு ஆதார விலைன்னு ஒண்ணு கிடையாது. நெல்லு கொண்டு போனா கொள்முதல் நிலையம் இருக்கு, புல்லு கொண்டு போனா அந்த ஏஜென்டோட போன் நம்பர் மட்டும்தான் இருக்கு.

இன்னொரு கணக்கும் போட்டு பாருங்க. ஒரு டன் பச்சைப்புல்லுலேந்து சுமாரா 80 கன மீட்டர் பயோகேஸ் வரும், அதுல பாதிக்கு கொஞ்சம் மேலதான் மீத்தேன், சுத்தம் பண்ணி அடைச்சா 30 கிலோ கேஸ் நிக்கும். ஒரு நாளைக்கு 5 டன் கேஸ் எடுக்கிற சின்ன பிளான்டுக்கே தினம் 165 டன்னுக்கு மேல புல்லு வேணும், வருசத்துக்கு 60,000 டன்னுக்கு மேல, ஏக்கருக்கு 80 டன்னு வச்சாலும் 750 ஏக்கருக்கு மேல தொடர்ச்சியா புல்லு நிக்கணும். நம்ம கல்குளம் விளவங்கோடு தாலுக்காவுல ரப்பரையும் ஏத்தன் வாழையையும் தெங்கையும் விட்டுட்டு 750 ஏக்கர் எங்க இருக்கு? அந்த ஆளுகிட்ட இதை நேரா கேளுங்க. பிளான்ட் எந்த சர்வே நம்பர்ல வருது, யாரு அனுமதி குடுத்திருக்கா, எத்தனை ஏக்கர் எழுதியாச்சுன்னு கேளுங்க. 13,500 கரணை ஏக்கருக்கு, கரணை 3 ரூவான்னா 40,000 ரூவா அன்னைக்கே அவரு கையில வந்துடுது. அருமனை பக்கம் ஒருத்தர் இப்படி கரணை வாங்கி ஒரு ஏக்கர் நட்டாரு, புல்லு ஆளுயரத்தைத் தாண்டி ரெண்டாள் உயரத்துக்கு போச்சு, எடுக்க வண்டி வரவேயில்ல, இடவப்பாதி மழையும் காத்தும் வந்து எல்லாம் மடங்கி விழுந்து அடி அழுகிப் போச்சு. என்னைக் கூப்பிட்டாரு, போய் நின்னு பாத்தேன், தூர் தூரா கருத்துக் கெடந்தது, அவரு வீட்டுக்காரி என்கிட்ட ஒரு வார்த்தை பேசல, அது இன்னைக்கும் கண்ணுல நிக்கி. அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்லுறேன்.

பாய்லர்ல எரிக்க காஞ்ச புல்லா குடுக்கலாம்னும் சிலர் சொல்லுவாங்க. நமக்கு ரெண்டு பருவமழை, காய வைக்க ஜனவரிலேந்து மார்ச் வரை ஒரு இடைவெளி இருக்கு, அவ்வளவுதான். அதுபோக இளம்புல்லுல சாம்பல்சத்து ஜாஸ்தி, பாய்லருக்குள்ள உருகி கட்டி புடிக்கும். ரப்பர் விறகு மலையா குவிஞ்சு கெடக்குற ஊர்ல புல்லை யாரு வாங்குவா, அதை விடுங்க.

நான் இந்த புல்லை வெளிய விக்க வேண்டாம்னு சொல்லுறதுக்கு இன்னொரு காரணம் மண்ணு. 80 டன் புல்லு வெளிய போனா அதோட 200 கிலோ தழைச்சத்து போவுது, அதாவது 10 மூட்டை யூரியா. பொட்டாஷ் கணக்கு பாத்தா அதுவும் 10 மூட்டைக்கு மேல. நம்ம செம்மண்ணு ஏற்கெனவே புளிப்பு, மழையில சத்து கரைஞ்சு ஓடுற மண்ணு. மூணு வருசம் புல்லை அறுத்து வண்டி ஏத்தி அனுப்பிட்டு சாம்பல்சத்து திருப்பி வைக்கலைன்னா அதுக்கப்புறம் வாழை வச்சாலும் குலை சிறுத்துத்தான் தள்ளும். அதே புல்லை வீட்டுல ஒரு சாண கேஸ் தொட்டி கட்டி அதுல போட்டீங்கன்னா கேஸா போறது பெரும்பாலும் கரியும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான், தழை மணி சாம்பல் மூணும் அப்படியே கழிவுக்கரைசல்ல நிக்கும், ஒரு வாளி விடாம விளைக்கு திரும்பி வரும். உங்க விளையில விளைஞ்ச கேஸு உங்க அடுப்புல எரியணும், சத்து உங்க மண்ணுலயே கெடக்கணும், நான் சொல்ல வர்றது அதுதான்.

உங்ககிட்ட சாயாக்கடை இருக்குன்னு எழுதியிருக்கீங்கள்ல, அதைப் படிச்சதும் எனக்கு சந்தோசமாயிட்டு. காலைலேந்து ராத்திரி வரை பாய்லர் கொதிக்கணும், 19 கிலோ சிலிண்டர் என்ன விலைன்னு அம்மாவுக்குத் தெரியும். கணக்கு இப்படி. ரெண்டு மாட்டுச் சாணம் தினம் 20, 25 கிலோ வரும், அது ஒரு கன மீட்டர் கேஸ். நறுக்குன பச்சைப்புல்லு 20 கிலோ சேத்தா அது ஒன்றரை கன மீட்டருக்கு மேல. ஒரு கன மீட்டர் பயோகேஸ் 450 கிராம் சிலிண்டர் கேஸுக்கு சமம்னு வச்சா, புல்லுலேந்து மட்டும் மாசம் 20 கிலோவை ஒட்டி வருது, அதாவது ஒரு கடை சிலிண்டர். சாணத்துலேந்து வர்றது 13 கிலோ, வீட்டு சிலிண்டர் கிட்டத்தட்ட ஒண்ணு. தினம் 20 கிலோன்னா வருசம் 7 டன்னு சொச்சம், 9 சென்ட் போதும். மாடு ரெண்டுக்கும் பச்சைத்தீவனம் தினம் 50 கிலோ, அதுக்கு 23 சென்ட். ஆக மொத்தம் 32 சென்ட், 35ன்னு வச்சுக்கிடுங்க. மிச்ச 90 சென்டுல ரப்பரோ வாழையோ உங்க இஷ்டம். ரப்பர் கன்னு வச்சா இடையில மூணு வருசம் ஏத்தனோ கைதச்சக்கையோ (அன்னாசி) போடலாம், ஆனா இந்த புல்லை கன்னு பக்கத்துல விடாதீங்க, வேரு சத்தையும் தண்ணியையும் உறிஞ்சிடும். அதே மாதிரி மர நிழல்லயும் புல்லு சரியா வராது, வெயில் விழுற இடமா, தண்ணி தேங்காத இடமா 35 சென்ட் ஒதுக்குங்க.

கரணை 3 ரூவா குடுத்து 4,700 கரணை வாங்க வேண்டாம். திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்துல கேளுங்க, இல்லைன்னா பக்கத்துல மாடு வச்சிருக்கவங்ககிட்ட கோ-5 இருக்கும், 200 கரணை போதும். கோ-5 இலை கொஞ்சம் மெத்துன்னு இருக்கும், அறுக்கும்போது கையை அவ்வளவு அறுக்காது, மாடும் விரும்பித் தின்னும். மூணு மாசத்துல ஒரு தூர்ல 15, 20 தண்டு வந்துடும், ஒவ்வொரு தண்டுலயும் ரெண்டு கணு வச்சு நாலஞ்சு கரணை, அதுவே உங்க 35 சென்டுக்கும் போதும். பார் புடிச்சு, பாருக்கு பார் ரெண்டடி, கரணைக்கு கரணை ஒன்னரை அடிக்கு கொஞ்சம் மேல, ஒரு கணு மண்ணுக்குள்ள ஒரு கணு வெளிய தெரிய சாய்ச்சு நடுங்க. நட்டதும் தண்ணி, மூணாம் நாள் ஒரு தண்ணி. அடியுரமா சாணம் தாராளமா, சுண்ணாம்பு மண்ணு டெஸ்ட் பாத்துட்டு போடுங்க. முதல் அறுப்பு 75, 80 நாள்ல, அப்புறம் 45 நாளைக்கு ஒண்ணு. கேஸுக்கும் மாட்டுக்கும் அந்த பருவம்தான் சரி, முத்த விட்டா தண்டு மரமாயிடும், தொட்டியில கரையாது. தூரை ஒட்ட அறுக்கணும், உயரமா விட்டா அடுத்த தடவை தண்டு மெலிஞ்சு வரும்.

மாட்டுக்கு இந்த புல்லை மட்டும் போடாதீங்க தம்பி, ஆக்சலேட் இருக்கு, சுண்ணாம்புச்சத்தைப் புடிச்சு வச்சுக்கிடும். கூட வேலிமசால் இல்லைன்னா அகத்தி, தாது உப்பும் தினம் குடுங்க. யூரியா போட்டு ஒரு வாரம் பத்து நாளைக்குள்ள இளசா அறுத்துப் போடுறதும் ஆபத்து.

தினம் 3 கன மீட்டர் கேஸ் தர்ற சைஸ் தொட்டி வேணும். புல்லு போடுறதா இருந்தா மிதக்கும் டிரம் மாடல் நல்லது, ஏன்னா புல்லு மேல மிதந்து ஆடை கட்டும், டிரம்மை தினம் ரெண்டு சுத்து சுத்தி விட்டா உடையும். முதல்ல சாணம் மட்டும் கரைச்சு நிரப்பி, கேஸ் நீலமா எரிய ஆரம்பிச்சதும் ரெண்டு கிலோ புல்லுல தொடங்குங்க, வாரத்துக்கு ரெண்டு மூணு கிலோவா கூட்டுங்க. சாஃப் கட்டர்ல அரை இஞ்சுக்கு நறுக்கி, வெளிய வர்ற கழிவுக்கரைசல்லயே ஒரு நாள் ஊற வச்சு சாணத்தோட சேத்து விடணும், அப்ப தண்ணியும் மிச்சம். அவசரப்பட்டு ஒரே நாள்ல 20 கிலோ கொட்டுனா தொட்டி புளிச்சிடும், மூக்கைத் துளைக்கிற புளிப்பு நாத்தம் வரும், கேஸ் வரும் ஆனா தீப்புடிக்காது. அப்படி ஆயிட்டுன்னா பயப்படாதீங்க, பத்து நாள் புல்லை நிறுத்திட்டு சாணம் மட்டும் விடுங்க, கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிவும் விடலாம், திரும்பிடும்.

தொட்டிக்கும் சாஃப் கட்டருக்கும் இப்ப என்ன மானியம் நடப்புல இருக்குன்னு உங்க வட்டார வேளாண் ஆபீஸ்லயும் கால்நடை ஆஸ்பத்திரியிலயும் கேட்டுட்டு வேலையை ஆரம்பிங்க, கட்டி முடிச்சுட்டுப் போனா கெடைக்காம போகலாம்.

ஒண்ணே ஒண்ணு எனக்கு தெரியணும். இந்த கேஸுக்கு அழுத்தம் கம்மி, தூரம் கூடுனா அடுப்புல பலம் இருக்காது, 20, 30 மீட்டருக்குள்ளன்னா நல்லது, பைப் தாழுற இடத்துல தண்ணி வடிக்க ஒரு டீ ஜாயின்ட்டும் வால்வும் வைக்கணும். மாட்டுத்தொழுவத்துக்கும் கடை அடுப்புக்கும் எத்தனை மீட்டர்னும், கடை மேட்டுல இருக்கா பள்ளத்துல இருக்கான்னும் டேப் வச்சு அளந்து எழுதுங்க, அதைப் பாத்து தொட்டி எங்க வைக்கணும், எந்த சைஸ் பைப் எடுக்கணும்னு சொல்லுறேன்.